மாநிலங்களின் அவையில் ஒரு மாநிலம் ஒழிந்த நாள்

இலங்கைக்குப் புதிய அரசியல் யாப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் அதன் பின்னாலேயே ‘இரண்டாவது சபை’ என்ற பேச்சும் வந்துவிடுகிறது. மாகாணங்களின் பிரதிநிதிகள் கொழும்பில் ஒரு மேலவையில் அமர்வார்களாம். மாகாணங்களின் அதிகாரத்தில் மத்தி கைவைக்க முனைந்தால் அந்த அவை தடுத்து நிறுத்துமாம். சமஷ்டி என்ற சொல்லைக் கேட்டாலே தென்னிலங்கை கொதிக்கிறது, எனவே சொல்லை விட்டுவிட்டு இப்படியொரு சபையைப் பெற்றுக்கொள்வதே விவேகம் என்று எங்களவர்களிலும் சிலர் பேசி வருகின்றனர். படித்தவர்கள், சட்டம் அறிந்தவர்கள். அவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது ஒன்றுதான். இந்திய மாநிலங்களவையின் 2019 ஓகஸ்ட் 5ஆம் திகதிய நடவடிக்கைக் குறிப்பை எடுத்து, காலை முதல் மாலை வரை நடந்ததை ஆறுதலாக வாசித்துப் பாருங்கள்.

இந்தியாவை ஏன் இழுக்கிறேன் என்று கேட்கலாம். எங்கள் மேலவைப் பிரியர்கள் முதலிற் சுட்டிக்காட்டுவது அந்த அவையைத்தான். பெயரிலேயே மாநிலங்கள் இருக்கின்றன. 1952 மே 13ஆம் திகதி முதன்முறை கூடிய அந்த அவையின் இன்றைய இருக்கைகள் 245. அவற்றில் 12 நியமன இருக்கைகள். ஏனைய 233 உறுப்பினரையும் மாநிலங்களினதும், சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசங்களினதும் சட்டமன்ற உறுப்பினர்கள் தெரிவு செய்கின்றனர். பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். ஒருபோதும் கலைக்கப்படாத நிரந்தர அவை. கடதாசியிற் பார்த்தால் இதைவிட நல்ல காவலனை எங்கே தேடுவது?

அந்தத் திங்கட்கிழமை நடந்ததைப் பார்ப்போம்.

காலையில் அவை கூடியபோது எதிர்க்கட்சித் தலைவர் குலாம் நபி ஆசாத் எழுந்து, காஷ்மீரில் முன்னாள் முதலமைச்சர்கள் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டிருக்கின்றனர், பள்ளத்தாக்கு முழுவதும் முடக்கப்பட்டிருக்கிறது, அதை முதலில் விவாதியுங்கள் என்று கேட்டார். அவரும் ஜம்மு - காஷ்மீரின் முன்னாள் முதலமைச்சர். அந்த மாநிலத்தின் பிரதிநிதியாகவே அவையில் அமர்ந்திருந்தவர். அவர் கேட்டது கிடைக்கவில்லை. உள்துறை அமைச்சர் அமித் ஷா எழுந்து, 370ஆம் உறுப்புரையைச் செயலிழக்கச் செய்யும் பிரேரணையையும், மாநிலத்தை இரு யூனியன் பிரதேசங்களாகப் பிரிக்கும் சட்டமூலத்தையும் முன்வைத்தார். 103 பிரிவுகள் கொண்ட சட்டமூலம். உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே பிரதி வழங்கவேண்டும் என்ற விதியிலிருந்து அவைத்தலைவர் வெங்கையா நாயுடு தமக்குள்ள தற்றுணிபின்படி விலக்களித்தார். காலையில் மேசைக்கு வந்த சட்டமூலம் மாலையில் நிறைவேறியது. பிரேரணை குரல் வாக்கால். சட்டமூலம் 125க்கு 61 என்ற வாக்குகளால்.

இதில் எங்கே சட்டமீறல்? இந்தக் கேள்வியைத்தான் மேலவைப் பிரியர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். பாராளுமன்றச் செய்தி எழுதிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: நடைமுறையைப் பொறுத்தவரை அது ஓர் ஒழுங்கான நாள். பிரேரணை உண்டு, விவாதம் உண்டு, வாக்கெடுப்பு உண்டு, அவைத்தலைவரின் தீர்ப்பு உண்டு. எல்லாம் விதிப்புத்தகத்தின்படி, அல்லது விதிப்புத்தகம் அனுமதிக்கும் விலக்கின்படி. அந்த ஒழுங்குதான் என்னைக் கலங்கடிப்பது. ஒரு மாநிலத்தை ஒழிக்க அங்கே எந்த விதியையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை.

காஷ்மீருக்கு இரண்டு பூட்டுகள் இருந்தன. 370ஆம் உறுப்புரையை நீக்குவதாயின் அந்த மாநிலத்தின் அரசியல் நிர்ணய சபை சிபாரிசு செய்ய வேண்டும் என்பது ஒன்று. மாநிலத்தின் பரப்பையோ பெயரையோ எல்லையையோ மாற்றும் சட்டமூலம் எதற்கும் அதன் சட்டமன்றத்தின் சம்மதம் முன்கூட்டியே வேண்டும் என்பது மற்றையது. ஏனைய மாநிலங்களுக்கு இந்த இரண்டாவது பூட்டு இல்லை. அவற்றின் கருத்தைக் கேட்டால் போதும், கேட்டு ஒதுக்கிவிடலாம். 2014 ஜனவரியில் ஆந்திர சட்டமன்றம் பிரிவினைச் சட்டமூலத்தை நிராகரித்தது. அடுத்த மாதமே பாராளுமன்றம் அதை நிறைவேற்றித் தெலுங்கானாவைப் பிரித்தது. அப்போது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ் என்பதையும் நினைவூட்டி வைக்கிறேன்.

காஷ்மீரின் பூட்டுகள் திறக்கப்பட்ட விதம் சட்டக் கல்லூரிகளிற் படிப்பிக்கத் தக்கது. அன்றைய தினமே வெளியான குடியரசுத் தலைவரின் கட்டளை ஒன்று, ‘அரசியல் நிர்ணய சபை’ என்று இருப்பதைச் ‘சட்டமன்றம்’ என்று வாசிக்க வேண்டும் என்றது. அந்தக் கட்டளைக்கு மாநில அரசின் இணக்கம் வேண்டும். மாநில அரசு என்றால் அப்போது யார்? மத்தி நியமித்த ஆளுநர். சரி, சட்டமன்றம் எங்கே? 2018 நவம்பரிலேயே அதே ஆளுநரால் கலைக்கப்பட்டு விட்டது. குடியரசுத் தலைவர் ஆட்சியில் சட்டமன்றத்தின் இடத்தில் இருப்பது பாராளுமன்றம். ஆகவே பாராளுமன்றம் தன்னிடமே கருத்துக் கேட்டுத் தானே கருத்துச் சொல்லிக்கொண்டது. மாப்பிள்ளையும் அவரே, பெண்வீட்டாரும் அவரே, புரோகிதரும் அவரே!

370ஆம் உறுப்புரை நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு. அதை நீக்குவதாகப் பாரதீய ஜனதா கட்சி பல தேர்தல்களில் வெளிப்படையாகவே வாக்குறுதி அளித்து வந்தது, அதைச் செய்தது. லடாக்கின் லே பகுதியில் இந்தப் பிரிப்பை மனமார வரவேற்றவர்களும் இருந்தனர். (அதே லேயிற் பின்னர் மாநில அந்தஸ்தும் ஆறாம் அட்டவணைப் பாதுகாப்பும் கேட்டுப் போராட்டங்கள் நடந்தன என்பது தனிக்கதை.) என் கேள்வி மாநிலங்களவையைப் பற்றியது மட்டுமே. மாநிலங்களின் நலன் காக்க அமர்ந்திருந்தவர்கள் அன்று என்ன செய்தனர்?

பிஜு ஜனதா தளம், வை.எஸ்.ஆர். காங்கிரஸ், தெலுங்கானா ராஷ்டிர சமிதி, அண்ணா தி.மு.க. ஆகிய எல்லாமே மாநில உரிமையின் பெயரால் வளர்ந்த கட்சிகள். எல்லாம் ஆதரித்து வாக்களித்தன. டில்லிக்கு முழு மாநில அந்தஸ்து கேட்டு வீதியில் இறங்கிய ஆம் ஆத்மி கட்சி, ஒரு மாநிலத்தை யூனியன் பிரதேசமாக இறக்குவதற்குக் கைதூக்கியது. இதைவிடக் கசப்பான நகைச்சுவை அந்த அவையில் நடந்திருக்குமோ என்பது ஐயமே. திரிணாமூல் காங்கிரசும் ஐக்கிய ஜனதா தளமும் வெளிநடப்புச் செய்தன. வெளிநடப்பு என்பது கௌரவமாக ஒதுங்கிக்கொள்வதற்கு அரசியல்வாதிகள் கண்டுபிடித்த உபாயம். எதிர்த்து நின்றவர்களில் தி.மு.க.வினரும் வைகோவும் இருந்தனர். அண்ணாவின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ளும் இரு கட்சிகளும் அன்று இரு பக்கங்களில் நின்றன. காங்கிரசின் கொறடாவான அசாமின் புவனேஸ்வர் கலிதா, எதிர்த்து வாக்களிக்கும்படி தன் கட்சிக்காரருக்கு உத்தரவிட மனமின்றி அன்றைக்கே உறுப்பினர் பதவியைத் துறந்தார். பின்னர் பாரதீய ஜனதாவிற் சேர்ந்து, 2020இல் அதே அவைக்குத் திரும்பி வந்தார்.

ஜம்மு - காஷ்மீருக்கு அந்த அவையில் இருந்தவை நான்கே இருக்கைகள். உத்தரப் பிரதேசத்துக்கு 31. நால்வரில் ஒருவர் ஆளுங்கட்சிக்காரர். மக்கள் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த இருவர் அரசியல் யாப்பின் பிரதியைக் கிழித்தனர். அவைக் காவலர்கள் அவர்களை வெளியேற்றினர். எஞ்சியவர் ஆசாத். நான்கு பேரும் ஒரே மனதாக எதிர்த்திருந்தாலும் முடிவு மாறியிராது. நால்வரின் பதவிக்காலமும் 2021 பெப்ரவரியில் முடிந்தது. அடுத்தவர்களைத் தெரிவு செய்யச் சட்டமன்றம் இல்லை. ஆகவே அந்த நான்கு இருக்கைகளும் ஆண்டுக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தன. கீழே இருக்கும் சபையைக் கலைத்தால் மேலே இருக்கும் குரலும் தானாகவே அடங்கிவிடும் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் கதைக்கு வரும்போது தேவைப்படும்.

நீதிமன்றம் இருக்கிறதே என்பர். இருந்தது. உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு 2023 டிசெம்பர் 11ஆம் திகதி வந்தது, நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த பின். ‘அரசியல் நிர்ணய சபை’யைச் ‘சட்டமன்றம்’ என வாசித்த அந்த வித்தை செல்லாது என்றது நீதிமன்றம். ஆனால் 370ஐச் செயலிழக்கச் செய்தது வேறு வழியில் செல்லுபடியாகும் என்றது. ஒரு மாநிலத்தை முற்றாக யூனியன் பிரதேசமாக்கலாமா என்ற கேள்விக்கு, மாநில அந்தஸ்து திருப்பித் தரப்படும் என்ற அரசின் வாக்குறுதியைப் பெற்றுக்கொண்டு, விடை சொல்லாமலே விட்டது. 2024 ஒக்டோபரில் உமர் அப்துல்லா முதலமைச்சராகப் பதவியேற்றபோது அவர் ஏற்றது ஒரு யூனியன் பிரதேசத்தின் முதலமைச்சர் பதவியையே.

மாநிலங்களின் அவை இப்படிக் கட்சிகளின் அவையானது ஒரே நாளில் அல்ல. ஒரு மாநிலத்தின் பிரதிநிதி அந்த மாநிலத்தில் வதிபவராக இருக்கவேண்டும் என்று முன்பு சட்டம் இருந்தது. அசாமில் ஒரு முகவரியைக் காட்டி மன்மோகன் சிங் பல்லாண்டு அசாமின் பிரதிநிதியாக இருந்ததை எல்லோரும் அறிவர். 2003இல் அந்தத் தேவையையே நீக்கிவிட்டனர். அதை எதிர்த்து வழக்காடியவர் எங்கள் தொழிலின் மூத்தவரான குல்தீப் நய்யார். அந்த அவையில் முன்பு அமர்ந்திருந்தவர் அவர். 2006இல் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. எந்த மாநிலத்தவரும் எந்த மாநிலத்துக்கும் பிரதிநிதியாகலாம் என்றால், கட்சித் தலைமை கைகாட்டும் பக்கம் பார்ப்பதைவிட அவருக்கு வேறு என்ன வேலை?

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். மேலவை எங்களுக்குப் புதியதன்று. சோல்பரி யாப்பு எங்களுக்குத் தந்த செனற் சபையில் முப்பது பேர் இருந்தனர். பதினைந்து பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது. பதினைந்து பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். எஸ். நடேசன் போன்ற வாதத்திறன் மிக்க தமிழர்கள் அங்கே பேசினர். 1948இல் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பறிபோனபோது அந்தச் சபை இருந்தது. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபோதும் இருந்தது. இரண்டும் சட்டமாயின. 1971 ஒக்டோபர் 2ஆம் திகதி அந்தச் சபையே ஒழிக்கப்பட்டது. பிறரைக் காப்பது இருக்கட்டும், தன்னைக் காக்கவே அதற்கு வலு இருக்கவில்லை.

அது நியமனச் சபை, இனி வரப்போவது மாகாணங்களின் சபை என்பார்கள். நல்லது, கணக்குப் பார்ப்போம். அரசியல் நிர்ணய சபையின் வழிநடத்தற் குழு 2017 செப்ரெம்பர் 21ஆம் திகதி வெளியிட்ட இடைக்கால அறிக்கை, 55 பேர் கொண்ட இரண்டாவது சபையைச் சொன்னது. ஒன்பது மாகாணங்களிலிருந்தும் ஐவர் வீதம் 45 பேர். பாராளுமன்றம் தெரிவு செய்யும் 10 பேர். சாதாரணச் சட்டமூலத்தை அது திருப்பி அனுப்பலாம், தடுக்க முடியாது. யாப்புத் திருத்தத்துக்கு மட்டும் அங்கேயும் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும். 55இல் மூன்றில் இரண்டு 37. வடக்கும் கிழக்கும் சேர்ந்து 10. அந்தப் பத்துப் பேரும், கிழக்கின் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் அனைவரும் ஓரணியில் நின்று எதிர்த்தாலும், மிஞ்சுவது 45. தேவைக்கு எட்டு அதிகம்! பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கும் இந்தக் கணக்கு எங்கள் யாப்பு நிபுணர்களுக்கு விளங்கவில்லை என்று நான் நம்பத் தயாரில்லை.

இரண்டாவது சபையே வேண்டாம் என்பதல்ல என் வாதம். சபை ஒரு மண்டபம், பூட்டு வேறு. ஐக்கிய அமெரிக்க யாப்பில், ஒரு மாநிலத்தின் பரப்புக்குள் இன்னொரு மாநிலத்தை உருவாக்க அந்த மாநிலச் சட்டமன்றத்தின் சம்மதம் வேண்டும்; செனற் சபையில் அதற்குள்ள சமத்துவத்தை அதன் சம்மதமின்றிப் பறிக்கவே முடியாது. பெல்ஜியத்தில் மொழிப் பிரதேசங்களின் எல்லையை மாற்ற வேண்டுமாயின் ஒவ்வொரு சபையிலும் ஒவ்வொரு மொழிக்குழுவினரிலும் பெரும்பான்மை வேண்டும். தலைகளை மொத்தமாக எண்ணினால் போதாது. பாதிக்கப்படுபவரைத் தனியாகவும் எண்ண வேண்டும். அந்தப் பூட்டையும் நெம்பலாம் என்பது உண்மை. 1863இல் மேற்கு வேர்ஜீனியாவைப் பிரித்தபோது சம்மதம் சொன்னது போர்க்காலத்தில் அமைந்த ஒரு மாற்றுச் சட்டமன்றந்தான். என்றாலும் அதற்கு ஓர் உள்நாட்டுப் போர் தேவைப்பட்டது. டில்லிக்கு ஒரு திங்கட்கிழமை போதுமாக இருந்தது.

2024இல் ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்தி, 2015இல் தொடங்கிய யாப்புப் பணியை நிறைவு செய்வதாகத் தன் விஞ்ஞாபனத்திற் சொல்லியிருந்தது. அப்படியானால் அந்த 55 பேரின் சபையும் மீண்டும் மேசைக்கு வரலாம். மாகாண சபைகள் அனுப்பும் உறுப்பினர்களால் ஆன சபை. வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல கடந்தும் தேர்தல் நடத்தப்படவில்லை. இல்லாத மாகாண சபையிலிருந்து அந்த ஐவரை யார் அனுப்புவது? சபை இல்லாத காலத்தில் மாகாணத்தின் பெயரால் ஆளுநர் சம்மதம் சொல்லலாமா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் வரைவிலேயே எழுத்தில் விடை வேண்டும் என்று எங்கள் பாராளுமன்ற உறுப்பினர் எவரேனும் கேட்டதாக நான் இதுவரை அறியேன்.