நாற்றத்திற்குத் தராசு இல்லையாம்!

நெல் விற்கச் செல்லும் விவசாயியின் மூட்டைக்குள் கருவியைச் செலுத்தி ஈரத்தை அளக்கின்றனர். நூற்றுக்கு 14ஐத் தாண்டினால் விலை விழுகின்றது. அரைப் புள்ளிக்கும் அங்கே கணக்குண்டு. ஆனால், அதே நெல்லை ஊறவைத்த நீர் குழியிற் கிடந்து நாறினால், "நாற்றத்தை எவ்வாறு அளப்பது? அஃது அவரவர் மூக்கைப் பொறுத்தது" என்று கைவிரிக்கின்றனர். என்னே நீதி!

காரைதீவிலிருந்து சம்மாந்துறைக்குச் செல்லும் வழியில், வயல்கள் சூழ இருக்கும் மாவடிப்பள்ளி மக்களுக்கு நெல்லும் ஆலையும் புதியனவல்ல. ஆலை வேண்டாம் என்பது நம் வாதமுமன்று. ஆலையின்றி வேளாண்மை ஏது? புழுங்கலுக்காக நெல்லைப் பச்சைத் தண்ணீரில் ஒன்று முதல் மூன்று நாள்வரை ஊறவிட்டால், அதிலிருந்து கரையும் சர்க்கரையும் புரதமும் புளித்து அழுகுகின்றன. அந்நீரைத் திறந்த குழியில் தேக்கினால் அதன் மேற்பரப்பு முழுவதும் நாற்றத்தைக் கக்குகின்றது. புகைபோக்கி இல்லாத புகை அது!

சட்டம் என்ன செய்கின்றது? 2008 பெப்ரவரியில் வெளியான 1534/18ஆம் இலக்க வர்த்தமானி, ஆற்றில் விடும் கழிவுநீரின் உயிரியல் ஒட்சிசன் தேவை இலீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டலாகாது என வரையறுத்தது. நீரின் அழுக்குக்கு எண் உண்டு; காற்றில் எழும் நாற்றத்திற்கு அந்த அட்டவணையில் எண் இல்லை. அயலிலுள்ள இந்தியாவின் பொது விதியோ, நாற்றத்தை "இயன்றவரை" நீக்குக என்கின்றது. இயன்றவரை! யாருக்கு இயன்றவரை?

அளக்க முடியாது என்பது அறியாமை. அல்லது அறிந்தே கூறும் சாட்டு. ஐரோப்பியர் 2003இலேயே இதற்கு ஒரு நியமம் வகுத்து, 2022இல் திருத்தியும் விட்டனர். நீர்ப்பரப்பின்மீது ஒரு கூண்டை மிதக்கவிட்டு, அதனூடே தூய காற்றைச் செலுத்தி, வெளிவரும் காற்றைப் பையில் பிடிப்பர். முப்பது மணி நேரத்துக்குள் அது ஆய்வுகூடம் சேரவேண்டும். அங்கே, தேர்ந்தெடுத்த சிலர் அதனை முகர்வர். அவர்களுட் பாதிப்பேருக்கு மட்டுமே வாடை தெரியும் நிலைவரை எத்தனை மடங்கு தூய காற்றைக் கலக்க வேண்டியுள்ளதோ, அதுவே நாற்றத்தின் அலகு. முகர்வோரின் மூக்கையும் பியூட்டனோல் என்னும் பொருளைக்கொண்டு முன்னரே சோதித்துவிடுவர். ஆகவே "அவரவர் மூக்கு" என்ற வாதம் செல்லாது.

ஒன்றில் மட்டும் விழிப்பு வேண்டும். கூண்டினுள் காற்று வேகமாக ஓடினால், நீரிலிருந்து எழும் நாற்றமும் கூடும். மெல்ல ஓடினால் குறையும். காற்றின் வேகத்தைக் குறிக்காமல் எண்ணை மட்டும் நீட்டும் அறிக்கை, படிக்கல்லைக் காட்டாத தராசுக்கு ஒப்பானது. நெல் நிறுத்துப் பழகிய நம் விவசாயிக்கு இந்தச் சூதை விளக்க வேண்டியதில்லை.

பரிகாரமும் எட்டாததன்று. ஏறக்குறைய 70 பாகை வெந்நீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்தால் நெல் புளிக்க நேரமே இராது. இம்முறை மைசூர் உணவு ஆய்வு நிலையத்தார் பல்லாண்டுகளுக்கு முன்னரே பரப்பியதாகும்.

மத்திய சுற்றாடல் அதிகாரசபை ஆலைகளுக்கு வழங்கும் அனுமதிப்பத்திரத்தில் நாற்றத்திற்கும் ஓர் எண் எழுதப்படவேண்டும். பெரும்போக அறுவடை முடிந்து ஆலைகள் இரவு பகலாக ஓடும் நாட்களில், முன்னறிவித்தல் இன்றி, ஊரார் முன்னிலையில் அது அளக்கப்படவேண்டும். கூண்டுடன் எப்போது வருகிறீர்கள்?