வாங்குமுன் சோதித்தறிக

பள்ளியில் ஒரு வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் இணையப் பாடத்தைத் திறந்தால் இணைப்பு தளர்ந்து விடுகிறது. இதற்குப் பரிகாரமாக அமைவது ‘கேஷ்’ என்னும் இடைச்சேமிப்பு. ஒருமுறை வந்த பக்கத்தை அருகிலேயே வைத்திருந்து, மறுமுறை கேட்பவருக்கு அது உடனே அளிக்கும். அதன் அளவும் இயங்கும் முறையும் ஊகத்தால் முடிவு செய்யத்தக்கவை அல்ல. பொதுப்பணம் செலவாகுமுன் பாவனைச் சோதனை நடத்துவதே முறையாகும்.

இச்சோதனை புதியதன்று. கணிப்பொறி நினைவகத்திலிருந்து எப்பகுதியை வெளியேற்றுவது என்பதை ஐ.பி.எம். நிறுவனத்தின் பெலாடி 1966-இல் இவ்வழியிலேயே ஆராய்ந்தார். 1997-இல் பெய் காவ், சாண்டி இரானி ஆகிய இருவரும் உண்மையான கோரிக்கைப் பதிவேடுகளைக் கொண்டு இணைய இடைச்சேமிப்பு முறைகளை ஒப்பிட்டனர். ‘லிப்கேஷ்சிம்’ போன்ற மென்பொருள்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன.

இதன் பயனை உணரக் காகிதமும் பென்சிலும் போதும். பெங்களூரு லிங்கராஜபுரத்தில் ஒரு பள்ளியின் மாணவர் அ, ஆ, இ என்னும் மூன்று பாடங்களை இருமுறை வரிசையாகக் கேட்கின்றனர் எனக் கொள்க. சேமிப்பில் இரண்டு பாடங்களுக்கே இடமுண்டு. நெடுநேரம் கேட்கப்படாதது முதலில் வெளியேறும். அவ்வாறாயின் ஆறு கோரிக்கைகளுள் ஒன்றுகூடச் சேமிப்பிலிருந்து கிட்டாது. இடத்தை மூன்றாக்கினால் மூன்று கிட்டும். இரண்டே இடம் இருப்பினும், வருவதை முன்னரே அறிந்து வெளியேற்றினால் இரண்டு கிட்டும். எனவே அளவும் முறையும் பதிவேட்டோடு சேர்த்தே எடைபோடத்தக்கவை.

பெரிய சேமிப்பே எப்பொழுதும் சிறந்தது என்பதும் சரியன்று. கொள்ளளவு பெருகப் பெருகக் கூடுதல் பயன் சுருங்குகிறது என்பதை பிரெஸ்லாவும் அவருடன் ஆராய்ந்தோரும் 1999-இல் விளக்கினர். நோக்கமும் தெளிவாக இருத்தல் வேண்டும். சிறு பக்கங்களைக் காத்தால் காத்திருப்போர் தொகை குறையும்; பெரிய படக்கோப்புகளைக் காத்தால் இணைப்பின் சுமை குறையும். இரண்டையும் ஒரே எண்ணால் அளத்தல் பிழையாகும்.

மேலும், இன்றைய இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி மறையாக்கம் பெற்றது. நடுவே வைக்கும் சாதாரணச் சேமிப்புப் பெட்டி அதனைப் பிரித்துக் காக்க இயலாது. அத்தகைய கோரிக்கைகளையும் கணக்கில் சேர்த்தால் சோதனை வீண் நம்பிக்கையையே தரும். அவற்றை நீக்கிய பின் பயன் அற்பமெனத் தெரிந்தால், பாடங்களைப் பள்ளியின் சொந்த சர்வரிலேயே வைத்தல் நலம்.

பதிவேட்டில் யார் எதைப் படித்தார் என்பதும் அடங்கியிருக்கக் கூடும். ஆதலால் பெயர்களையும் கணிப்பொறி முகவரிகளையும் அகற்றிய பின்னரே அதைப் பயன்படுத்த வேண்டும். களப்பணியாளர் ஒரு வாரப் பதிவேட்டைத் தொகுத்தளித்தால், ஆசிரியர் அதனையே கணக்குப் பாடமாக்கலாம். வாங்கும் பட்டியலில் கையெழுத்திடும் முன் இவ்வளவேனும் செய்தல் கடமையாகும்.