டீஸலும் பயோடீஸலும்: செலவுக் கணக்கு

டிராக்டரும் தண்ணீர் இறைக்கும் எஞ்சினும் வைத்து விவசாயம் நடத்தும் பட்டாதாரர்களுக்கு டீஸல் செலவு அற்பமானதன்று. அதன் விலை ஏறும்போதெல்லாம் விதையெண்ணெயிலிருந்து செய்யும் பயோடீஸலைப் பற்றிய பேச்சும் கூடவே எழுகின்றது. 1900-ம் வருஷத்துப் பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீஸல் எஞ்சின் வேர்க்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டதாதலின், எஞ்சின் ஓடுமா ஓடாதா என்பது இப்பொழுது விவகாரமன்று. கட்டுமா கட்டாதா என்பதே கேள்வி.

இவ்விஷயத்தில் பலரும் செய்யும் பிழை, இரண்டின் லிட்டர் விலையை மாத்திரம் ஒப்பிட்டுப் பார்ப்பதாகும். பயோடீஸலில் உள்ள சக்தி, அதே அளவு பெட்ரோலிய டீஸலில் உள்ளதைவிட நூற்றுக்கு உத்தேசம் 8 பங்கு குறைவு. 100 லிட்டர் டீஸலில் உழக்கூடிய நிலத்தை உழுது முடிக்கப் பயோடீஸல் ஏறக்குறைய 109 லிட்டர் வேண்டும். டீஸல் லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பயோடீஸல் 83 ரூபாய்க்கு மேற்படாமல் கிடைத்தால்தான் இரண்டும் சரிசமம். நூற்றுக்கு 20 பங்கு மாத்திரம் கலந்த எண்ணெயில் இவ்வித்தியாசம் 1, 2 பங்கே ஆதலால் ஓட்டுவோர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பழைய எஞ்சின்களில் ரப்பர்க் குழாய்கள் இளகுவதும், தொட்டியின் அடியிற் படிந்த கசடு கரைந்து வடிகட்டியை அடைப்பதும் தனிச் செலவு.

செய்வோர் பக்கத்துக் கணக்கு இதனினும் கடினம். 2006 ஜனவரி முதல் எண்ணெய்க் கம்பெனிகள் பயோடீஸலை லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்குவதென்று மத்திய சர்க்கார் ஏற்பாடு செய்தது. காட்டாமணக்கு விதை 3½ கிலோ ஆட்டினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெய் காணும். விதை கிலோ 6 ரூபாய் என்று குறைத்தே மதித்தாலும், விதைக்கு மட்டும் 21 ரூபாய். மிச்சமுள்ள 4 ரூபாயில் செக்குக் கூலி, எண்ணெயின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாத மெத்தனால், காரம், வண்டிச் சத்தம் யாவும் அடங்கவேண்டும். எங்ஙனம் அடங்கும்? விலையை ஏற்றினால் வாங்குவோருக்குக் கட்டாது. இறக்கினால் காய் பறிக்கும் கூலிக்கே காணாது. காய்களோ ஒருசேரப் பழுப்பதில்லை. பல முறை பறித்தாகவேண்டும். தரிசில் தண்ணீரின்றியே காய்த்துக் கொட்டும் என்று சொல்லப்பட்ட இச்செடி, தண்ணீர் இல்லாத இடங்களில் உயிரோடு நின்றதேயன்றிப் போதிய மகசூல் தரவில்லை. பிண்ணாக்கும் விஷமுள்ளதாகையால் மாட்டுக்கு ஆகாது, எருவுக்கே ஆகும். 2017-க்குள் 20 பங்கு கலப்பதென்ற 2009-ம் வருஷத்துக் கொள்கை நிறைவேறவில்லை. 2018-ல் வந்த கொள்கை 2030-க்கு 5 பங்கு என்று இலக்கைக் குறைத்துக்கொண்டது. காரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை.

ஆகவே, டீஸல் விலை இன்னும் ஏறினாலும், நன்செய் புன்செய் எதையும் காட்டாமணக்குக்கு ஒதுக்குவது தக்க காரியமன்று. புங்கமரத்தின் சங்கதி வேறு. வரப்பிலும் ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் அதிகப் பராமரிப்பின்றி வளர்ந்து, நிழலும் தழையெருவும் தருவது அது. அதன் விதை எவ்விலைக்குப் போனாலும் பறிகூலி போக நிற்பது லாபமே. புறம்போக்கில் மரம் வைக்க எண்ணும் கிராம அதிகாரிகள் இதனைக் கவனிக்கலாம்.

செக்கில் ஆட்டிய எண்ணெயைச் சுத்தி செய்யாமல் அப்படியே எஞ்சினில் ஊற்றுவது மட்டும் கூடாது. டீஸலைவிட அது ஏறக்குறைய பத்து மடங்கு கெட்டியானது. எண்ணெய் தூவும் நாசிலில் கரி பிடித்து எஞ்சின் பழுதாகுமாயின், ஒரு வருஷத்தில் மிச்சம் பிடித்த பணம் ஒரே ரிப்பேருக்குப் போய்விடும்.