தெரிந்தவர்கள் ஏன் சொல்லவில்லை?

சாதாரணத் துப்பறியும் கதையில் ஆபத்து வெளியிலிருந்து வந்து கதவைத் தட்டும். குடும்ப மர்மக் கதையில் அது வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து இரண்டாவது முறை ரசம் கேட்கும். இந்த வகைத் தொடர்களை நான் விடாமல் பார்ப்பதற்கு அதுதான் காரணம். நல்ல குடும்ப மர்மத் தொடர், குற்றவாளியைக் காட்டிக் கொடுப்பதோடு வீடு என்ற ஏற்பாட்டையே நமக்குத் திறந்து காட்டும். ஜப்பானியர்கள் தொலைக்காட்சியில் இதை நெடுங்காலமாகச் செய்கிறார்கள். நம் மொழியில் அதற்கு அருகில் வந்தது, 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைமில் வெளியான 'சுழல்'.

புஷ்கர் - காயத்ரி எழுதிய இந்தத் தொடரின் முதல் பருவத்தில் எட்டு அத்தியாயங்கள். முதல் நான்கை 'குற்றம் கடிதல்' எடுத்த பிரம்மாவும், அடுத்த நான்கை 'கிருமி' எடுத்த அனுசரணும் இயக்கினார்கள். சாம்பலூர் என்ற கற்பனை மலையூர். சிமென்ட் ஆலையில் வேலைநிறுத்தம். ஊரே மயானக் கொள்ளைத் திருவிழாவில் இருக்கும் இரவில் ஆலை தீப்பற்றுகிறது. அதே இரவில் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமல் போகிறாள். சண்முகமாகப் பார்த்திபன், மூத்த மகள் நந்தினியாக ஐஸ்வர்யா ராஜேஷ், உதவி ஆய்வாளர் சக்கரையாகக் கதிர், ஆய்வாளர் ரெஜினாவாக ஸ்ரேயா ரெட்டி.

என்னைப் போன்ற தருமபுரிக்காரர் ஒருவர் இதைப் பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது மயானக் கொள்ளைதான். மாசி மாதம், மகா சிவராத்திரிக்கு மறுநாள். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் அங்காளம்மன் கோயில் உள்ள ஊர்களில் அன்று பகலில் வேறு எந்த வேலையும் ஓடாது. காவேரிப்பட்டினத்துக்கு வெளியூர்க் கூட்டமே திரளும். காளி வேடமிட்டவர்கள் பம்பை, உடுக்கை முழங்க ஊர்வலமாகச் சுடுகாட்டுக்குப் போவார்கள். வேண்டுதல் வைத்த பெண்கள் வழியில் வரிசையாகப் படுத்திருக்க, சாமி வந்தவர்கள் அவர்களைத் தாண்டிப் போவார்கள். தானியமும் காய்கறியும் சில்லறைக் காசும் சூறையிடப்படும். பிரம்மனின் ஐந்தாம் தலையைக் கொய்த சிவனின் கையில் ஒட்டிக்கொண்ட கபாலத்தை, அம்மன் சோற்றைச் சூறையிட்டுக் கீழே இறங்கவைத்து மிதித்த கதை அதன் பின்னால் இருக்கிறது. கையை விட்டுப் போகாத ஒரு பாவத்தைப் பெண்தெய்வம் ஒருத்தி தீர்க்கும் கதை அது.

'சுழல்' இந்தத் திருவிழாவை வெறும் பின்னணியாக வைக்கவில்லை என்பது அதன் முதல் பலம். ஒவ்வொரு நாள் சடங்கும் விசாரணையின் ஒவ்வொரு படியோடு சேர்ந்து நகர்கிறது. ஊருக்குள் அம்மனின் கோபம் ஏற ஏற, ஒரு வீட்டுக்குள் புதைந்து கிடந்தது மேலே வருகிறது. முகேஸ்வரனின் கேமரா அந்த வேடங்களை வேடிக்கைப் பொருளாகப் பார்க்கவில்லை. நம் சடங்கை வெளியூர்க்காரர் படமெடுத்தால் அதில் ரத்தமும் எலும்பும் மட்டும் இருக்கும் என்ற பயம் எனக்கு உண்டு. இந்தத் தொடர் அந்தச் சடங்குக்கு ஓர் அறிவு இருப்பதைப் புரிந்துகொண்டது.

இரண்டாவது பலம், பெற்றோர்களை எழுதிய விதம். சண்முகம் கடவுளை ஏற்காதவர், ஆலை வாசலில் நூறு பேருக்காகப் பேசக்கூடியவர். அவர் மனைவி பக்தியில் தஞ்சம் புகுந்தவர். இருவரும் கெட்டவர்கள் அல்ல. இருவருக்கும் தங்கள் கொள்கைமீது இருந்த கவனம் மகள்கள்மீது இல்லாமல் போய்விட்டது. ரெஜினா சட்டத்தின் ஆள், ஒரு மகனின் தாயும்கூட. தாய் முன்னே வரும்போது சட்டம் பின்னே போகிறது. அவரைக் குருவாக நினைத்த சக்கரைக்கு அது தெரியவரும் இடம், எந்தத் துரத்தல் காட்சியையும்விடப் பதற வைக்கிறது. குற்றத்தின் வேர் பணத்திலும் பகையிலும் மட்டுமல்ல, நல்லவர்கள் பார்க்கத் தவறிய இடங்களிலும் இருக்கிறது என்று சொன்னதுதான் 'சுழ'லின் பெருமை.

குறைகளையும் சொல்ல வேண்டும். வட மாவட்டங்களின் சமவெளியில் வேரூன்றிய மயானக் கொள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் நீலகிரி போன்ற மலையில் நட்டிருக்கிறார்கள். கற்பனை ஊர் என்பதால் அதில் தவறில்லை. ஆனால் ஊருக்கு ஒரு பேச்சு வேண்டும். சாம்பலூரில் எல்லோரும் எந்த ஊரிலும் பேசக்கூடிய ஒரு பொதுத் தமிழ் பேசுகிறார்கள். யார் என்ன சாதி, யார் எங்கிருந்து பிழைக்க வந்தவர், யாருடைய நிலத்தில் ஆலை நிற்கிறது என்பதெல்லாம் மங்கலாகவே இருக்கிறது. தமிழ்நாட்டு ஊர் ஒன்றில் ஒரு பெண் காணாமல் போனால் முதல் ஐந்து நிமிடத்தில் எழும் கேள்விகள் இவை. முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் போக வேண்டிய தொடர் என்பதால் இந்த முனைகளை மழுக்கிவிட்டார்களோ என்று தோன்றுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தைக் களமாகக்கொண்டு அதே ஆண்டு டிசம்பரில் வந்த 'வதந்தி'க்கு இந்த விஷயத்தில் மண்ணின் வாசம் கூடுதல்.

அடுத்த குறை, எட்டு அத்தியாயங்களை நிரப்பும் திசைதிருப்பல்கள். ஒவ்வொரு அத்தியாயமும் ஒருவர்மீது விரலை நீட்டி முடியும். அடுத்தது அந்த விரலை மடக்கிவிட்டுத் தொடங்கும். ஒரு கட்டத்துக்குப் பிறகு சந்தேகம் என்பது மனிதர்களைப் புரிந்துகொள்ளும் வழியாக இல்லாமல் நம்மைப் பிடித்துவைக்கும் உத்தியாகிவிடுகிறது. பின்னணி இசையும் சும்மா இருக்க மறுக்கிறது. ஒரு தகப்பன் மகளின் அறைக்குள் நுழையும் அமைதியான இடத்திலும் அது நமக்காகப் பயப்படுகிறது.

மூன்றாவது குறையைப் பேச முடிவைத் தொட்டாக வேண்டும். யார் என்று பெயர் சொல்லப்போவதில்லை. என்றாலும், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு இந்தப் பத்திக்குத் திரும்பலாம்.

சாம்பலூரின் முடிச்சு, குழந்தைப் பருவத்தில் வீட்டுக்குள்ளேயே நடந்த பாலியல் கொடுமையில் போய் நிற்கிறது. அக்காளும் தங்கையும் ஒரே கையால் பட்ட காயத்தைத் தனித்தனியே சுமந்திருக்கிறார்கள். இதைச் சொன்ன துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் தொடர் இதைக் கடைசிப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, ஏழு அத்தியாயங்கள் வெளியே அலைகிறது. உண்மை தெரியும்போது நேரம் முடிந்துவிடுகிறது. அந்தப் பெண்கள் பல வருடங்கள் எப்படித் தூங்கினார்கள், யாரிடம் சொல்ல முயன்றார்கள், சொன்னால் என்ன நடக்கும் என்று பயந்தார்கள் என்பதற்கு இடமே இல்லை. விரைவாக ஒரு பழிவாங்கல், திரை மூடுகிறது. ஒரு குழந்தையின் காயம் பார்வையாளருக்கான கடைசித் திருப்பமாகிவிட்டது. இதுதான் என் மனதை உறுத்துவது.

வேறு விதமாகச் செய்ய முடியுமா? முடியும் என்று 2010இல் ஜப்பானின் நிப்பான் தொலைக்காட்சி காட்டியது. யூஜி சகமோட்டோ எழுதிய 'மதர்', ஏப்ரல் முதல் ஜூன் வரை வாரம் ஒன்றாகப் பதினோரு அத்தியாயங்கள் ஓடிய தொடர். கடும் குளிர் நாளில் ஒரு தாயே தன் சிறு மகளைக் குப்பைப் பையில் கட்டி வெளியே போட்டுவிடுகிறாள். அவளைக் காப்பாற்றும் தற்காலிக ஆசிரியை நாவோ, குழந்தை கடலில் விழுந்து இறந்ததாக ஊரை நம்பவைத்து, அவளைத் தன் மகளாக அழைத்துக்கொண்டு ரயிலேறிவிடுகிறாள். இவை அத்தனையும் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடும். யார் செய்தது என்ற கேள்வி அங்கே இல்லை. குற்றவாளியும் தெரியும், காயமும் தெரியும். பிறகு பத்து வாரம் நம்மைக் கட்டிப்போடுவது எது? சட்டப்படி கடத்தல்காரியான ஒருத்தி, நியாயப்படி தாயாக எத்தனை நாள் இருக்க முடியும் என்ற கேள்வி. குழந்தை முதல் நாளிலிருந்து நம்மோடு பேசுகிறாள், சிரிக்கிறாள், தனக்குப் பிடித்தவற்றைப் பட்டியல் போடுகிறாள். அவள் எந்த மர்மத்துக்கும் விடை அல்ல, முழு மனுஷி. கொடுமை செய்த தாய் எப்படி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாள் என்பதற்கும் தொடர் பொறுமையாக நேரம் ஒதுக்குகிறது. அவளை மன்னிக்கச் சொல்லவில்லை. அக்கம்பக்கம் எந்தெந்த நாளில் கை கொடுத்திருக்கலாம் என்று நம்மை எண்ணவைக்கிறது.

'மத'ருக்கும் குறை உண்டு. கண்ணீருக்கு அது சலுகை அதிகம் தருகிறது. நாவோவைப் பெற்ற தாய் சரியான நேரத்தில் எதிர்ப்படுவது போன்ற தற்செயல்கள் கதையை இழுத்துச் செல்கின்றன. ஆண் பாத்திரங்கள் பெண்களைச் சுற்றி நிற்கும் நிழல்களாகவே இருக்கிறார்கள். ஆனாலும் துருக்கியும் கொரியாவும் அதைத் தங்கள் மொழியில் மறுபடி எடுத்தன. சகமோட்டோ 2023இல் 'மான்ஸ்டர்' படத்துக்காகக் கான் திரைப்பட விழாவில் சிறந்த திரைக்கதைக்கான விருது பெற்றார். அதுவும் ஒரு சிறுவனுக்கு என்ன நடந்தது என்று பெரியவர்கள் தப்புத் தப்பாக ஊகிக்கும் கதைதான்.

நமக்கும் இந்த மரபு புதிதல்ல. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்த 'மர்மதேச'த்தின் 'விடாது கருப்பு' 1997இல் சன் டிவியில் வந்தபோது எங்கள் பக்கத்துக் கிராமங்களிலும் தெரு அடங்கியது. கருப்பசாமி தண்டிப்பதாக ஊர் நம்பிய மரணங்களுக்கு, ஒரு மனித மனத்துக்குள்ளும் அதன் இளம்பருவத்துக்குள்ளும் விடை தேடிய தொடர் அது. கால் நூற்றாண்டுக்குப் பிறகும் நாம் அதே இடத்தில் விடை தேடுகிறோம். விடை கிடைத்ததும் கதையை முடித்துக்கொள்ளும் பழக்கத்தையும் விடவில்லை.

தருமபுரியிலிருந்து பார்க்கும்போது இந்தப் பழக்கம் கூடுதலாக வலிக்கிறது. இங்கே வீட்டுக்குள் நடந்த பெரிய குற்றத்தில் மர்மமே இருந்ததில்லை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு தருமபுரிக்கும் வந்தது அதனால்தான். பிறந்த பெண் சிசுவுக்கு என்ன ஆனது என்பது மாமியாருக்குத் தெரியும், மருத்துவச்சிக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும். குழந்தை வரம் கேட்டு மாசியில் மண்ணில் படுக்கும் பெண்களுக்கும் தெரியும். யார் என்று கேட்க ஒன்றுமில்லை. தெரிந்தவர்கள் ஏன் சொல்லவில்லை என்பது மட்டும்தான் கேள்வி. நம் குடும்ப மர்மக் கதைகள் கேட்க வேண்டியதும் அதைத்தான்.

இன்று அந்தக் கேள்விக்கு வேறு உருவம் வந்திருக்கிறது. பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி ஊர்களிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போகும் பெற்றோர், பிள்ளைகளைப் பாட்டியிடமும் சித்தப்பாவிடமும் மாமாவிடமும் விட்டுப் போகிறார்கள். பெரும்பாலான உறவுகள் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுகின்றன. காப்பாற்றாத இடத்தில் குழந்தைக்குச் சொல்ல ஆள் இல்லை. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது அதன் பொறுப்பில் இருந்தவர்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், இப்படி ஒன்று நடப்பது தெரிந்தவர் அதைக் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாமல் இருப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு ஓர் அழைப்பு போதும். ஆனால் அந்த எண்ணை அழுத்துமுன் ஒரு சித்தி, ஒரு டீச்சர், ஒரு பக்கத்து வீட்டுக்காரர் தனக்குள் எதோடெல்லாம் போராடுகிறார்? குடும்ப மானம், சொத்து, அந்தப் பெண்ணின் கல்யாணம், ஊர்ப் பஞ்சாயத்து. எட்டு அத்தியாயங்களுக்குத் தாங்கும் பதற்றம் அதில் இருக்கிறது. எந்தத் திசைதிருப்பலும் தேவைப்படாது.

2025 பிப்ரவரி 28 அன்று வந்த 'சுழல்' இரண்டாம் பருவம் அந்தத் திசையில் ஓரடி வைத்தது. நந்தினி சிறையில் இருக்கிறாள். பழிவாங்கலோடு முடிந்த கதைக்கு ஒரு மறுநாள் உண்டு என்று ஏற்றுக்கொண்டதே முன்னேற்றம். ஒரு வழக்கறிஞரின் கொலையில் எட்டு இளம்பெண்கள் மாட்டுகிறார்கள். ஒருவரை ஒருவர் காட்டிக் கொடுக்காமல் பழியைத் தாங்களே ஏற்கத் துணிகிறார்கள். வீடு கைவிட்ட பெண்கள் தங்களுக்குள் வீடு கட்டிக்கொள்ளும் இந்த எண்ணம் அழகானது. ஆனால் அட்டகாளித் திருவிழாவின் எட்டுக் காளிகளுக்கு எட்டுப் பெண்கள் என்று பொருத்திய கணக்கு, அவர்களைத் தனித்தனி மனுஷிகளாகத் தெரிந்துகொள்ள நேரம் தரவில்லை. கட்டமைப்பு ஜெயித்து, ஆட்கள் தோற்ற இடம் அது.

இந்தத் தொடர்களை எடுப்பவர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. நம் திருவிழாவை மதிக்கத் தெரிந்தவர்களுக்கு நம் குழந்தையை முதல் அத்தியாயத்திலேயே பேசவிடவும் தெரியும். அடுத்த தொடரில் குற்றவாளி யார் என்பதை அரை மணி நேரத்தில் சொல்லிவிடுங்கள். மிச்ச நேரம் முழுவதையும், தெரிந்தும் சும்மா இருந்த பெரியவர்களுக்குக் கொடுங்கள். அந்தத் தொடரைத் தருமபுரியில் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஒரு சித்தியோ தாத்தாவோ, அருகில் இருக்கும் பிள்ளையிடம் உனக்கு ஏதாவது சொல்லணுமா என்று கேட்டுவிட்டால், எந்த விருதையும்விட அது பெரிது. அப்படிக் கேட்க நாமும் தொடர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.