சப்பி நெல்லும் ஆறு வயதுப் பல்லும்

ஆறேழு வயதுப் பிள்ளை தயிரை வாயில் வைத்ததும் கன்னத்தைப் பொத்திக்கொண்டு "கூசுதம்மா" என்கிறது. "டொபி திண்டு வந்த பூச்சிப்பல்" என்பார் ஒருவர். "பால்பல்தானே, விழுந்திரும்" என்பார் இன்னொருவர். இரண்டுமே பிழையாக இருக்கலாம்.

பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி, கரண்டிக் காம்பால் கன்னத்தை விலக்கிப் பாருங்கள். பால்பல் வரிசைக்குப் பின்னால் பெரிய பல்லொன்று தெரியும். எந்தப் பல்லும் விழாமல் முளைத்ததால் அதையும் பால்பல் என்று எண்ணிவிடுகிறோம். அது நிலையான முதற் கடைவாய்ப்பல். போனால் மறுபல் இல்லை. முளைக்கும்போதே அதில் வெள்ளை, மஞ்சள் அல்லது மண்ணிறத் திட்டு தெளிவான விளிம்போடு இருந்தால், அது எனாமல் முற்றாத குறையாக இருக்கலாம். முன்பற்களிலும் இது வருவதுண்டு. 2001இல்தான் இதற்குப் பொதுப்பெயர் வைத்தார்கள். உலகில் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ 13 பேருக்கு இது உண்டு என்பது மதிப்பீடு.

வயல் செய்யும் சித்தாண்டி ஊராருக்கு இது புரியாத சங்கதியல்ல. கதிர் பால்பிடிக்கும்போது தண்ணீர் தவறினால் உமி முழுதாயிருக்கும், உள்ளே அரிசி இராது, சப்பி. எனாமலும் முதலில் புரத அச்சாக உருவாகி, பிறகு தாது நிரம்பி முற்றுகிறது. நல்ல எனாமலின் எடையில் சுமார் 96 வீதம் தாது. முதற் கடைவாய்ப்பல்லில் அந்த வேலை பிறப்பையொட்டித் தொடங்கி, மூன்று வயதளவில் முடிகிறது. இடையில் தடங்கல் வந்தால் பல் முழு அளவில் வரும். ஆனால் சுண்ணாம்புக்கட்டிபோல் உதிரக்கூடும். பிறப்புச் சிக்கல், குழந்தைப் பருவக் காய்ச்சல், பரம்பரை எல்லாம் சந்தேகப் பட்டியலில் உண்டு. டொபி குறையை உண்டாக்கவில்லை, பழுதை விரைவுபடுத்தும்.

அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கக் கிணறுகளில் புளோரைட்டு மிகுவதால் வரும் கறை வேறு. அது பல பற்களில், இருபுறமும் ஒத்தாற்போல், விளிம்பின்றிப் படரும்.

பால்பற்களில் கடைசிக் கடைவாய்ப்பல்லின் எனாமல் கருவிலே தொடங்கி முதலாம் வயதளவில் முற்றுகிறது. அதில் இத்தகைய திட்டு இருந்தால் நிலையான பல்லிலும் வரும் வாய்ப்புக் கூடுகிறது.

கூசும் பல்லைப் பிள்ளை துலக்காது. துலக்காத பல்லில் உண்மையான சொத்தை ஏறும். ஆகவே வெதுவெதுப்பான நீரில், புளோரைட்டுப் பற்பசையால் இருவேளை துலக்கிவிடுங்கள். பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் காட்டினால் புளோரைட்டுப் பூச்சோ அடைப்போ இடலாம். மிக உதிர்ந்ததற்கு உலோக உறை போடுவதுண்டு. எனாமல் செய்யும் கலங்கள் பல் முளைத்ததும் அற்றுவிடுவதால், உதிர்ந்தது மீண்டும் வளராது. வலி வரும்வரை காத்திராமல், ஆறு வயதிலேயே அந்த முதற் கடைவாய்ப்பல்லைப் பார்த்துவிடுங்கள்.