நாளொன்றுக்கு எத்தனை கரண்டி சீனி?

நோய் வந்த பிறகே சீனியைக் குறைப்பது என்பது நம்மவரிடையே எழுதப்படாத சட்டமாகிவிட்டது. உணவகத்தில் ஒருவர் 'தே ஓ கோசோங்' கேட்டால், "உங்களுக்கு இனிப்புநீரா?" என்று உடனே விசாரிக்கிறோம். நலமாக இருப்பவர் சீனியைத் தவிர்க்கக்கூடாதா?

உலகச் சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியின்படி, நாம் உணவிலிருந்து பெறும் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாகவே சேர்க்கப்பட்ட சீனியிலிருந்து வரவேண்டும். அதை 5 விழுக்காட்டுக்குக் கீழ் குறைத்தால் மேலும் நன்று. நாளுக்கு 2,000 கலோரி உண்ணும் பெரியவருக்கு 10 விழுக்காடு என்பது 50 கிராம். 5 விழுக்காடு 25 கிராம், அதாவது ஏறக்குறைய ஆறு தேக்கரண்டி. எட்டு வயதுப் பிள்ளைக்கு இன்னும் குறைவு. தேனும் கருப்பட்டியும் 'குலா மலாக்கா'வும் இக்கணக்கில் அடங்கும் என்றால் சிலருக்குக் கோபம் வருகிறது. இயற்கையானது என்பதனால் கணக்கிலிருந்து தப்பிவிட முடியுமா? முழுப் பழத்திலும் பாலிலும் இயல்பாக உள்ள இனிப்பு மட்டுமே இதில் சேராது.

இனி நம் காலையுணவைப் பாருங்கள். தே தாரிக்கில் ஊற்றும் டின் பாலின் எடையில் ஏறக்குறையப் பாதி சீனிதான். அதன்மேல் தனியாகவும் ஒரு கரண்டி! அதே பாலை ஊற்றிய மைலோவைக் குடித்துவிட்டு வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு, முதல் பாடவேளைக்கு முன்பே அன்றைய அளவு பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு 2019 ஜூலை முதல் நாள் தொடங்கி லிட்டருக்கு 40 சென் கலால் வரி விதிக்கப்பட்டது. பின்னர் அது உயர்த்தவும்பட்டது. (2013 அக்டோபர் வரை சீனிக்கு உதவித்தொகை கொடுத்து வந்ததும் அரசுதான் என்பது வேறு கதை.) வரியை நான் வரவேற்கிறேன். ஆனால், அது ஆலையில் அடைத்து விற்கும் பானத்துக்கே உரியது. லிட்டில் இந்தியாவில் ஆற்றித் தரும் தே தாரிக்கை அது தொடாது. வீட்டில் கலக்கும் சிராப்பையும் தொடாது. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் நாட்டின் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையேதான் மிக அதிகம்.

பினாங்குத் தமிழருக்கும் சீனிக்கும் உள்ள உறவு பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் பலர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். அன்று அது கப்பலேறிப் போன சரக்கு. இன்று மலிவுப் பொருள். இனிப்புக் கொடுப்பதே அன்பு, இனிப்புக் கொடுப்பதே மரியாதை என்ற எண்ணம் மட்டும் நம்மிடம் மாறவே இல்லை.

வகுப்பில் சரியாக விடை சொன்ன மாணவனுக்கு மிட்டாய் கொடுப்பதை நாம், ஆசிரியர்கள், முதலில் நிறுத்தலாம். பென்சில் கொடுத்தாலும் பிள்ளை மகிழத்தான் செய்கிறான். பிறந்தநாள் பொட்டலத்திலும் இனிப்புக்குப் பதில் கதைப்புத்தகம் வைக்கலாம்.

அடுத்தது தைப்பூசம். தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியெங்கும் பந்தல்கள். தண்ணீர்ப் பந்தல் என்று பெயர் வைத்துவிட்டுச் சிவப்புச் சிராப்பை ஊற்றுவானேன்? நீர்மோர் கொடுக்கலாம்; வெறுந்தண்ணீரே கொடுக்கலாம். பந்தல் போடும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அப்படியென்றால் கூட்டம் வராதுங்க, சார்" என்றார். வெயிலில் காவடிக்குப் பின்னே வெறுங்காலோடு நடந்து வருபவர் தண்ணீரை வேண்டாமென்றா சொல்வார்?