பட்டாவில் ஏறாத சொத்து

ஒரு கிராமத்தில் யாருக்கு என்ன சொத்து என்று கேட்டால் வருவாய்த் துறைக்காரன் 'அ' பதிவேடு, சிட்டா, அடங்கல் மூன்றையும் எடுத்து மேஜைமேல் வைப்பான். சர்வே எண், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர். அதில் பெயர் இல்லாவிட்டால் சொத்து இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பதிவேடுகளோடு குடித்தனம் செய்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: ஏரிப் பாசன ஊர்களுக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். காட்டுப்பள்ளி மாதிரி ஊருக்குப் பொருந்தவே பொருந்தாது. அங்கே ஊர்க்காரர்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்களோ அதில் பெரும்பகுதி பட்டாவில் ஏறாதது. பட்டாவில் ஏறாததற்கு அரசாங்கம் விலை போடுவதில்லை. என் வருத்தமெல்லாம் அதில்தான்.

நம் பக்கத்து வாசகர்களுக்கு இடம் தெரியும். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையாறும், தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு. நடுவில் நீளவாக்கில் ஒரு மணல் பட்டை. காட்டுப்பள்ளி, காளாஞ்சி, கருங்காலி எல்லாம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிற ஊர்கள்தான். வெளியூரிலிருந்து ஜீப்பில் வந்து இறங்குகிற அதிகாரிக்குச் சவுக்கும் பனையும் மணலும்தான் கண்ணில் படும். தரிசு என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்.

அந்த மணலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெய்கிற மழை மணலில் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. நன்னீர் எடை குறைவு, கடல்நீர் எடை கூடுதல். அதனால் இரண்டும் அவ்வளவு சீக்கிரம் கலப்பதில்லை. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு அது உப்பை அழுத்திப் பிடித்திருக்கும் என்று நிலத்தடி நீர்க்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே 40 அடி உப்பு ஏறிவரும். மணல் மேட்டை வெட்டி எடுத்துச் சமமாக்கினாலும், ஆழ்துளை போட்டு இறைத்தாலும், அந்த ஓர் அடிதான் முதலில் போகும். கை அளவு பள்ளம் தோண்டினால் குடிக்கத் தண்ணீர் ஊறுகிற ஊரில் மணல் மேடுதான் மேல்நிலைத் தொட்டி. எந்தப் பதிவேட்டிலும் அதற்கு ஒரு வரி கிடையாது. புறம்போக்கு, அவ்வளவுதான்.

கற்பனையாகச் சொல்லவில்லை. பக்கத்திலேயே மீஞ்சூர் இருக்கிறது. 1960-களின் கடைசியில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று கிணறுகள் போட்டுப் பட்டணத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் எடுக்க ஆரம்பித்தார்கள். விவசாயத்துக்கும் மோட்டார் வைத்து இறைத்தார்கள். கொஞ்ச வருஷத்தில் கடல்நீர் நிலத்துக்கடியில் உள்ளே நகர ஆரம்பித்து, பத்து கிலோமீட்டருக்கு மேல் போய்விட்டது. கிணறு உப்பாகிப்போன பட்டாதாரரிடம் பட்டா அப்படியே பத்திரமாக இருந்தது, பரப்பில் ஒரு சென்ட் குறையவில்லை. 2010-ல் காட்டுப்பள்ளியிலேயே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர், சென்னைக்கு. முதலில் பூமி இலவசமாகக் கொடுத்த தண்ணீரைத் தீர்த்தோம், பிறகு அதே வட்டாரத்தில் மின்சாரம் செலவழித்துக் கடலைக் காய்ச்சாத குறையாக வடிகட்டுகிறோம்.

பாதுகாப்புக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் கிராமத்துப் பாதுகாப்பு என்றால் களவு, தீ, வெள்ளம். தலையாரி உண்டு, களத்து மேட்டில் காவல் உண்டு, அதற்கு மானியமோ அறுவடையில் மேரையோ உண்டு. ஜாவாத் தீவின் கிராமங்களிலும் ஆண்கள் முறைவைத்து ராத்திரி ரோந்து போவார்கள். கெந்தொங்கான் என்று குடைந்த மரத்தாலோ மூங்கிலாலோ செய்த ஒரு கருவி தெருமுனையில் தொங்கும். திருட்டுக்கு ஒரு தட்டு, தீக்கு ஒரு தட்டு, வெள்ளத்துக்கு ஒரு தட்டு. தூக்கத்தில் கேட்டாலும் எதற்கு எழுந்திருக்கிறோம் என்று தெரிந்துவிடும். நம் பக்கம் 2023 டிசம்பர் 26 ராத்திரி பெரியகுப்பத்தில் என்ன நடந்தது? உரத் தொழிற்சாலைக்காகக் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூக்கில் ஏறிய நெடிதான் ஜனங்களுக்கு மணி அடித்தது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். இத்தனை ஆலைகள் இருக்கிற கடற்கரையில், நடுராத்திரி உயிரைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டுக்காரர்தான். ஊரைப் பிரித்து வெவ்வேறு இடத்தில் குடிவைக்கும்போது அந்தப் பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் எடுத்துவிடுகிறோம். நஷ்டஈட்டில் அதற்கு என்ன தலைப்பு?

அதற்கு மூன்று வாரம் முன்னால் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து படிந்தது. மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகு சரிசெய்ய 10,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. கொடுத்தது நல்லதுதான். ஆனால் கையால் தடவி இறால் பிடிக்கிறவருக்குப் படகு இல்லை, வலையும் இல்லை. அவருடைய முதல் சேறுதான், அது எண்ணெயில் கிடந்தது. பழவேற்காடு ஏரியில் பாடு என்று ஒரு ஏற்பாடு தலைமுறையாக உண்டு. யார், எந்த இடத்தில், எந்த முறையில் வலை போடுவது என்று ஊரே பங்கிட்டுக்கொள்கிற உரிமை. நிலத்துக்குப் பட்டா எப்படியோ, தண்ணீருக்குப் பாடு அப்படி. மகன் பெயருக்கு மாறும், தகராறு வந்தால் பஞ்சாயத்தில் தீரும். தாலுகா ஆபீஸில் அதற்கு நகல் மட்டும் வாங்க முடியாது.

இப்போது இதையெல்லாம் ஏன் கிளறுகிறேன் என்றால், காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கிற திட்டம் கைவிடப்பட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை. அதில் சுமார் 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து எடுப்பது. 2021 ஜனவரியில் வைத்த கருத்துக்கேட்புக் கூட்டம் கொரோனாவால் நின்றது. 2023 செப்டம்பர் 5-க்கு வைத்ததும் தள்ளிப்போனது. முன்பு கப்பல் கட்டும் தளத்துக்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்துக் குடும்பங்களை இடம் மாற்றினார்கள். நிரந்தர வேலை கேட்டு அவர்கள் எத்தனை முறை உட்கார்ந்து போராடினார்கள் என்பது பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். துறைமுகமே வேண்டாம் என்று சொல்கிற கட்சி இல்லை நான். என் தலைமுறையில் வட சென்னையில் பாதிப் பேர் வீட்டில் அடுப்பு எரிந்தது ஆலையாலும் துறைமுகத்தாலும்தான். எடுக்கிறதை எல்லாம் எழுதிவிட்டு எடு என்கிறேன்.

மறுபடியும் ஜாவாவைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் தென்கரையில் குலோன் ப்ரோகோ என்று ஒரு பகுதி. நம்மைப் போலவே மணல் கடற்கரை. ஜனங்கள் அந்த மணலில் தண்ணீர் தேக்கிப் பாய்ச்சி மிளகாயும் தர்ப்பூசணியும் விளைய வைத்திருந்தார்கள். யோக்யகர்த்தாவுக்குப் புது விமான நிலையம் அங்கே வந்தது, 2019-ல் விமானம் இறங்க ஆரம்பித்தது. பணம் வாங்க மாட்டேன் என்றவர்களின் தொகையைக் கோர்ட்டில் கட்டிவிட்டு வீடுகளை இடித்தார்கள். அங்கேயும் நிலத்துக்கு விலை போட்டார்கள், மணலை வயலாக்கத் தெரிந்த கைக்கு யார் விலை போடுவது?

நம் சட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது, அதை ஜனங்கள் தெரிந்து வைத்திருப்பதில்லை. 2013-ம் வருஷத்து நிலம் எடுப்புச் சட்டத்தில் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்றால் பட்டாதாரர் மட்டும் இல்லை. நிலம் எடுப்பதற்கு முன் மூன்று வருஷமாக அங்கே வேலை செய்த விவசாயக் கூலி, குத்தகைதாரர், வாரத்துக்குப் பயிரிடுகிறவர், நீர்நிலையை நம்பிப் பிழைத்த மீனவர் எல்லோரும் அதில் வருவார்கள். தமிழ்நாட்டில் தொழிற்சாலைக்கு நிலம் எடுக்க 1997-ம் வருஷத்துத் தனிச் சட்டம் ஒன்று இருக்கிறது. மத்திய சட்டம் கேட்கிற சமூகத் தாக்க ஆய்வு அதில் கிடையாது. 2019-ல் அதற்கு மறுபடியும் உயிர் கொடுத்தார்கள், 2021-ல் உச்ச நீதிமன்றமும் செல்லும் என்றது. ஆய்வு இல்லையென்றால் பட்டா இல்லாதவரைத் தேடி யாரும் வரப்போவதில்லை. அவரே தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆய்வை அரசு தானாகவே செய்யலாம், எந்தச் சட்டமும் கையைக் கட்டவில்லை.

அதுவரைக்கும் அந்த ஊர்களில் சொந்தபந்தம் உள்ளவர்கள் இதைப் போய்ச் சொல்லுங்கள். குத்தகைக்கு உழுகிறவர் அடங்கலில் தன் சாகுபடி ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்க்கட்டும். மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, படகுப் பதிவு, பழைய ரேஷன் கார்டு, கரண்ட் பில் எதையும் தூக்கிப் போட வேண்டாம். எந்தப் பாடு யாருடையது, எந்த ஊற்றில் எந்த மாதம் வரை நல்ல தண்ணீர் வரும், வெள்ளம் வந்தால் எந்த மேட்டில் ஏறி நிற்பார்கள் என்பதை ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி, கிராம சபையில் படித்துத் தீர்மானமாக ஏற்றட்டும். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு மறுபடி தேதி வந்தால் அந்தத் தீர்மான நகலோடு போகட்டும். அங்கே பேசினதை நடவடிக்கைக் குறிப்பாக எழுதி, கூட்ட முடிவில் நமக்குப் புரிகிற தமிழில் படித்துக் காட்ட வேண்டும் என்று 2006-ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் அறிவிக்கையிலேயே இருக்கிறது. படித்துக் காட்டுகிற வரைக்கும் யாரும் பந்தலை விட்டு எழுந்திருக்க வேண்டாம், சாயந்திரம் ஆனாலும் சரி.